வேலை நேரம்: ஜப்பான் குறைத்தது எப்படி, இந்தியா நீட்டுவது ஏன்?

இந்தியாவில் வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேரில் ஒருவர் வாரத்துக்கு 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார். ஜப்பானில் அப்படி உழைப்பவர் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொகுக்கும் புள்ளிவிவரங்களிலிருந்து கிடைக்கும் இந்தக் கணக்கு பலரை வியக்கவைக்கும். வேலைச்சுமையால் ஆட்கள் சாகும் நாடு என்று உலகம் பேசிவந்தது ஜப்பானைப் பற்றித்தான்.

இந்த ஒப்பீட்டுக்கு இப்போது அவசியம் வந்திருக்கிறது. இந்திய இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானையும் ஜெர்மனியையும் அவர் முன்மாதிரியாகக் காட்டினார். 2025 ஜனவரியில், எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசிய காணொளி பரவி, நாடு முழுக்க விவாதமானது.

பேச்சோடு இது நிற்கவில்லை. கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்தது. குஜராத் 2025இல் அவசரச் சட்டத்தின் மூலம் அதே பாதையில் சென்றது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி மாநிலங்கள் வகுக்கும் விதிகளைப் பொறுத்தே ஒரு சாதாரணத் தொழிலாளியின் நாள் எவ்வளவு நீளும் என்பது முடிவாகும்.

1919இல் இரு நாடுகளும்

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உலக அளவிலான வரையறை 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் உருவானது. அந்த உடன்படிக்கையிலேயே ஜப்பானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் தனி விலக்குகள் தரப்பட்டன. ஜப்பானுக்கு 57 மணி நேரம், அதன் கச்சாப் பட்டு ஆலைகளுக்கு 60, இந்தியாவுக்கு 60. ஆசியத் தொழிலாளியின் உடலுக்கு வேறு அளவுகோல் வைக்கப்பட்டது.

இந்தியா அந்த உடன்படிக்கையை 1921இல் ஏற்றுக்கொண்டது. ஜப்பான் இன்றுவரை ஏற்கவில்லை.

இந்தியாவில் வரம்பு படிப்படியாக இறங்கியது: 1922இல் 60, 1934இல் 54, 1946இல் 48. கடைசிப் படி, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை நிலைநிறுத்தியது. இந்த வரம்புகள் வருவதற்கு முன்பே, 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிநடத்த வேலைநிறுத்தம் செய்து வார விடுமுறையைக் கேட்டுப் பெற்றிருந்தார்கள். ஜப்பானில் 8 மணி நேரமும் வாரம் 48 மணி நேரமும் போருக்குப் பிறகு, 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தில்தான் வந்தன.

ஆக, இந்தியாவும் ஜப்பானும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வரம்பை எழுதிக்கொண்டன. பிறகு நடந்தவைதான் வேறு வேறு.

36ஆவது பிரிவும் நீண்ட இரவுகளும்

ஜப்பானியச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, தொழிலாளர் தரப்போடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் 8 மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்கலாம் என்றது. எவ்வளவு தாண்டலாம் என்பதற்குத் தண்டனையோடு கூடிய உச்ச வரம்பு எழுபது ஆண்டுகளுக்கு இல்லை. ஓவர்டைமுக்குக் கூடுதலாகத் தர வேண்டிய ஊதியமும் 25% மட்டுமே. புதிய ஆளை வேலைக்கு எடுப்பதைவிட, இருப்பவரை இரவு பத்து மணி வரை உட்காரவைப்பது நிறுவனத்துக்கு மலிவாக இருந்தது.

பெரிய நிறுவனங்கள் ஊழியர்களை ஓய்வு பெறும் வயதுவரை வைத்துக்கொண்டன, எளிதில் நீக்கவில்லை. வியாபாரம் பெருகியபோது ஓவர்டைமைக் கூட்டின, சுருங்கியபோது அதைக் குறைத்தன. வேலை பறிபோகாது என்ற உறுதிக்கு விலையாக ஊழியர் தன் மாலைப்பொழுதைக் கொடுத்தார். மேலதிகாரி கிளம்பும் முன் கிளம்பக் கூடாது என்பது எழுதப்படாத விதியானது. சம்பளமில்லாத ஓவர்டைமும் சாதாரணமானது.

அந்த ஆண்களின் வீட்டை யார் நடத்தினார்கள்? 2016ஆம் ஆண்டு நேரக் கணக்கின்படி, ஜப்பானியப் பெண்கள் ஊதியமில்லாத வீட்டு வேலையில் நாளுக்குச் சராசரியாக 224 நிமிடங்களும் ஆண்கள் 41 நிமிடங்களும் செலவிட்டார்கள். திருமணத்துக்கோ முதல் பிரசவத்துக்கோ பிறகு பெண்கள் வேலையை விடுவது அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

போருக்குப் பிந்தைய ஜப்பானைச் சுட்டிக்காட்டுவோர் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. ஜப்பானியத் தொழிலாளியின் ஆண்டு வேலை நேரம் உச்சத்தைத் தொட்டது 1960இல். 2,400 மணி நேரத்துக்கும் மேல். அதன் பிறகு 1970களின் நடுப்பகுதி வரை அது தொடர்ந்து இறங்கியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 10% என்ற வேகத்தில் ஜப்பானின் பொருளாதாரம் வளர்ந்ததும் அதே 1960களில்தான். புதிய இயந்திரங்கள், பள்ளிக் கல்வி, தரக் கட்டுப்பாடு, அமெரிக்கச் சந்தை ஆகியவை சேர்ந்து கொடுத்த வளர்ச்சி அது. மணி நேரத்தைக் கூட்டி ஜப்பான் வளர்ந்தது என்ற வாதத்தை ஜப்பானின் சொந்தக் கணக்கேடே மறுக்கிறது.

இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட சட்டம்

அதிக வேலையால் வரும் மாரடைப்பு, பக்கவாதம், தற்கொலை ஆகியவற்றைக் குறிக்கும் ‘கரோஷி’ என்ற சொல் 1970களில் ஜப்பானிய மருத்துவர்களிடமிருந்து வந்தது. 1988இல் வழக்கறிஞர்கள் இதற்கென ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கினார்கள். அழைத்தவர்களில் கணவரை இழந்த பெண்கள் அதிகம். நாற்பது வயதுகளில் இருந்த ஆண்கள், நோய் என்று பெரிதாக எதுவும் இல்லாமல் இருந்தவர்கள், திடீரென்று விழுந்து இறந்திருந்தார்கள்.

அந்தக் குடும்பங்கள் நீதிமன்றம் சென்றன. டென்ட்சு என்ற விளம்பர நிறுவனத்தில் 1991இல் தற்கொலை செய்துகொண்ட இளம் ஊழியரின் வழக்கில், நிறுவனமே பொறுப்பு என்று 2000ஆம் ஆண்டு ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அரசு ஓர் அளவுகோலை வகுத்தது: நோய் தாக்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரம், அல்லது முந்தைய இரண்டு முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் ஓவர்டைம் செய்திருந்தால், இதய, மூளை ரத்தநாள நோயால் நேர்ந்த இறப்புக்கும் வேலைக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலின் அருமை எளிதில் கண்ணில் படாது. ‘அவர் நிறைய உழைத்தார்’ என்று ஒரு மனைவி சொன்னால் அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ‘அவர் 104 மணி நேரம் கூடுதலாக உழைத்தார்’ என்று வருகைப் பதிவேட்டோடு வந்து நின்றால், இழப்பீடு மறுப்பது கடினம். ஜப்பானில் மாற்றத்துக்கான அடித்தளம், நேரத்தை எண்ணியதில் இருக்கிறது.

2014இல் கரோஷி தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காகக் கையெழுத்து வாங்கி, நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடித்தேடிச் சந்தித்தவர்கள் இறந்தவர்களின் குடும்பத்தினர். மறு ஆண்டே, அதே டென்ட்சுவில் 24 வயதுப் பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனத் தலைவர் பதவி விலகினார். நீதிமன்றம் விதித்த அபராதம் வெறும் 5 லட்சம் யென். அந்தத் தொகையின் சிறுமையே மக்களின் கோபத்தை வளர்த்தது.

2018இல் நிறைவேறிய வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம் 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களுக்கும் அடுத்த ஆண்டு சிறிய நிறுவனங்களுக்கும் அமலானது. ஓவர்டைம் மாதத்துக்கு 45 மணி நேரம், ஆண்டுக்கு 360 மணி நேரம். தவிர்க்க முடியாத நெருக்கடி என்றால் ஆண்டுக்கு 720 வரை போகலாம். ஆனால் எந்த மாதத்திலும் 100ஐத் தொடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். ஆண்டுக்கு ஐந்து நாளாவது ஊதியத்துடன் கூடிய விடுப்பை ஊழியர் எடுக்கும்படி பார்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமையானது.

பலன் தெரிகிறது. வாரத்துக்கு 60 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஊழியர்கள் 2000களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 12%. இப்போது 5% அளவில் இருக்கிறார்கள். ஆண்டுச் சராசரி 1,600 மணி நேரம் அளவுக்கு இறங்கிவிட்டது.

ஆனால், இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. பகுதிநேர ஊழியர்கள், குறிப்பாகப் பெண்கள், பெருகியதும் சராசரி இறங்கியதற்குப் பெரிய காரணம். லாரி ஓட்டுநர்களுக்கும் மருத்துவர்களுக்கும் 2024 ஏப்ரலில்தான் வரம்பு வந்தது. அதுவும் பொதுவாக ஆண்டுக்கு 960 மணி நேரம் என்ற தளர்ந்த வரம்பு. வேலை சார்ந்த மனநோய் என்று அரசு ஏற்று இழப்பீடு வழங்கியவை 2024ஆம் நிதியாண்டில் முதன்முறையாக 1,000ஐத் தாண்டின. 2025 அக்டோபரில் பிரதமரான சனாயே தகாய்ச்சி, வேலை நேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது பற்றி ஆராயும்படி சொன்னபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் மறுபடியும் குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

ஒரு ஷிஃப்ட் சம்பளம் போதாத நாடு

ஓவர்டைம் விதிகளை மட்டும் பார்த்தால் இந்தியா ஜப்பானைவிடக் கண்டிப்பானது. தொழிற்சாலைகள் சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கேட்டது. ஜப்பானில் இன்றும் அடிப்படை வீதம் 25%தான், மாதம் 60 மணி நேரத்தைத் தாண்டினால் 50%. ஓவர்டைம் மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்பது அந்த இந்தியச் சட்டத்தின் பொது வரம்பாக இருந்தது, அதாவது ஆண்டுக்கு 200. ஜப்பானில் அது 360.

அப்படியிருந்தும் இந்தியாவில் நேரம் நீள்வதற்கு முதல் காரணம், சட்டம் எட்டும் இடத்தில் பெரும்பாலானோர் இல்லை என்பது. ஜப்பானில் உழைப்போரில் பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள். இந்தியாவில் 2023-24ஆம் ஆண்டு உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி 58% பேர் சுயதொழில் செய்பவர்கள். விடியும் முன் அடுப்பு பற்றவைத்து இரவு பத்து மணிக்குப் பலகை சாத்தும் டீக்கடைக்காரருக்கு எந்தச் சட்டம் எட்டு மணி நேரம் தரும்? ஒரு நாள் மூடினால் அன்றைய வருமானம் இல்லை.

இரண்டாவது காரணம் கூலி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை போகும் ‘ஒன்றரை ஷிஃப்ட்’ பல காலமாகவே வழக்கம். தொழிலாளர்களில் பலர் அதை விரும்பிக் கேட்பதாகவும் முதலாளிகள் சொல்வார்கள். அது உண்மைதான். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் மூன்றும் ஒரு ஷிஃப்ட் சம்பளத்தில் அடங்காதபோது, அரை ஷிஃப்டை யார் வேண்டாம் என்பார்கள்? ஜப்பானிய ஊழியரை அலுவலகத்தில் உட்காரவைத்தது நிறுவனப் பற்றும் பதவி உயர்வுக் கவலையும். இங்கே தையல் மெஷின் முன்னால் உட்காரவைப்பது மாதக் கடைசி.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஏ.டி.எம். வாசல்களிலும் நிற்கும் செக்யூரிட்டிகளில் பெரும்பாலோருக்கு 12 மணி நேர ஷிஃப்டே வழக்கம். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேரைக் கொண்டு முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. உணவு, பொருள் டெலிவரி செய்பவர்களுக்கு, இத்தனை ஆர்டர் முடித்தால்தான் ஊக்கத்தொகை என்று செயலியே நேரத்தை நீட்டுகிறது. லாரி ஓட்டுநர்களுக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நாமக்கல்லில் இருந்து வடக்கே கிளம்பும் ஓட்டுநர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சட்டம் தெரியும்?

கணினித் துறையிலும் வங்கி, நிதித் துறைகளிலும் நிலைமை வேறு வகை. புதிய சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் நிர்வாகப் பணியில் இருப்பவரும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள். ‘டீம் லீட்’, ‘மேனேஜர்’ என்ற பெயர்ப் பலகை மாட்டியதுமே ஒருவருக்கு வேலை நேரப் பாதுகாப்பு கைவிட்டுப் போய்விடலாம். அமெரிக்க வாடிக்கையாளரின் காலை, சென்னை ஊழியரின் இரவு.

பெண்களின் கணக்கு இன்னும் கனமானது. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமும் ஆண்கள் ஒன்றரை மணி நேரமும் செலவிடுவதாகச் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் பெண்ணுக்கு வேலை 12 மணி நேரம், பயணம் 2 மணி நேரம், வீட்டு வேலை 5 மணி நேரம் என்றால் தூங்குவதற்கு மிஞ்சுவது 5 மணி நேரம். ‘நாளுக்கு 12 மணி நேரம் என்றால் வாரத்தில் நான்கு நாள்தானே வேலை’ என்ற சமாதானம், அந்த நான்கு நாட்களின் தூக்கத்தைத் திருப்பித் தராது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது, தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. சரியான முடிவு. ஆனால் ஒன்றரை ஷிஃப்ட் அதனால் நிற்கவில்லை.

உடலின் கணக்கு, உற்பத்தியின் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35% அதிகம். இதய ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் 7.45 லட்சம் மரணங்களுக்கு நீண்ட வேலை நேரம் காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையும் இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருக்கிறது.

உற்பத்தியாவது கூடுகிறதா என்றால், அதுவும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் எடுத்த பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கேவல் ஆராய்ந்தார். வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக மாறவில்லை. கூடுதல் 14 மணி நேரம் வீண். ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி மதிப்பில் ஜி-7 நாடுகளின் கடைசி இடத்தில் பல காலமாக இருப்பதும் ஜப்பானே.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, எண்ணுவது. சம்பளமும் பதவியும் எவ்வளவு என்று பார்க்காமல், ஒவ்வோர் ஊழியரின் வரும் நேரமும் போகும் நேரமும் மாற்ற முடியாத வகையில் பதிவாக வேண்டும். மாதச் சம்பளச் சீட்டோடு அந்தக் கணக்கும் ஊழியரின் கைபேசிக்கு வர வேண்டும். ஜப்பான் 2019 முதல் மேலாளர்களின் வேலை நேரத்தையும் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. சட்டப் பதிவேட்டில் எட்டு மணி நேரம், தனி நோட்டில் மீதி என்று இரட்டைக் கணக்கு எழுதும் இடங்களுக்கு இதுவே முதல் தடை.

இரண்டாவது, இழப்பீட்டுக்கு ஓர் எண். லாரி ஓட்டுநர் ஒருவர் பயணத்தின் நடுவே மாரடைப்பால் இறந்த வழக்கில், தொடர்ந்து வண்டி ஓட்டிய களைப்பைக் கணக்கில் எடுத்து உச்ச நீதிமன்றம் 2012இல் இழப்பீட்டுக்கு உரிமை உண்டு என்றது. ஆனால், ஒவ்வொரு குடும்பமும் தில்லி வரை போக முடியாது. ஜப்பானைப் போல இத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் வேலையே காரணம் என்று விதியில் எழுதிவிட்டால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியிடம் போகும்.

புதிய சட்டத் தொகுப்பு, ஓவர்டைமின் மொத்த வரம்பை விதிகளில் நிர்ணயிக்கும் பொறுப்பை அரசுகளிடம் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் விதிகளில் பழைய மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்பது குறையாமலும் கூடாமலும் நிற்க வேண்டும். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேர இடைவெளி என்ற ஐரோப்பிய விதியையும் சேர்க்கலாம். அரசுக்குச் செலவில்லாத இந்த ஒரு விதி, இரவுப் பணி முடித்த பயிற்சி மருத்துவர் காலையில் மீண்டும் வார்டுக்குப் போவதைத் தடுக்கும்.

கூலியைத் தொடாமல் நேரத்தைத் தொட்டால் அது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும். பின்னலாடை, தையல், காவல் பணி ஆகியவற்றின் குறைந்தபட்சக் கூலியை, ஒரு ஷிஃப்டில் ஒரு குடும்பம் நடக்கும் அளவுக்கு முதலில் உயர்த்த வேண்டும். கொள்முதல் விலையை அடிமாட்டு விலைக்குக் குறைத்துவிட்டு, ஆலையில் ஓவர்டைம் கூடாது என்று தணிக்கைக்கு ஆள் அனுப்பும் வெளிநாட்டு பிராண்டுகளிடமும் இந்தக் கூலியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

வேலை நேரச் சட்டத்தை மீறிய நிறுவனங்களின் பட்டியலை ஜப்பான் தொழிலாளர் அமைச்சகம் 2017 முதல் இணையத்தில் வெளியிட்டுவருகிறது. வேலை தேடும் இளைஞர்கள் அதைப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு தொழிலாளர் துறைக்கு இதைச் செய்யப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

கடைசியாக, ஆய்வாளர்கள். புதிய தொகுப்புகளில் அவர்கள் ‘ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவரும்’ ஆகியிருக்கிறார்கள். எந்த இடத்தை ஆய்வு செய்வது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. வேலை நேரம் பற்றித் தொழிலாளி கொடுக்கும் புகாருக்கு மட்டும் இதில் விலக்கு வேண்டும். பெயர் வெளியே வராமல் புகார் செய்ய ஓர் எண், புகார் வந்த ஒரு வாரத்துக்குள் முன்னறிவிப்பில்லாத ஆய்வு, அதுவும் இரவு எட்டு மணிக்குப் பிறகு ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது: இந்த மூன்றையும் மாநில விதிகளிலேயே எழுதிவிட முடியும்.